சிறுதுளி சேர்த்த செம்மல்

நிலம் மிகுதியாக உடையார்க்கு ஆண்டிற்கு ஒருமுறை வரும் விளைச்சலே போதும். சிறு நிலமும் ஓரிரண்டு எருமைகளும் மட்டுமே உடைய உழவர்க்கோ, நாள்தோறும் கைக்கு வரும் சிறு வருவாயே வாழ்வாகும். அவ்வருவாயும் இடைத்தரகர் கையில் சிக்கி மறையுமாயின், அவர்தம் குடும்பம் பிழைப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் திரிபுவனதாஸ் பட்டேல் என்னும் பெரியார் ஆவார்.

குசராத்தில் கெய்ரா மாவட்டத்தைச் சேர்ந்த ஆனந்த் என்னும் ஊரில் 1903ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள் திரிபுவனதாசர் பிறந்தார். இளமையிலேயே காந்தியடிகளின் நெறியில் ஈடுபட்டார். சர்தார் வல்லபாய் பட்டேலைத் தம் தலைவராகக் கொண்டார். 1930இல் நடந்த உப்பு அறப்போரில் கலந்துகொண்டு சிறை புகுந்தார். பின்னரும் நாட்டு விடுதலைக்காகச் சிறைத் துன்பத்தை ஏற்றார். சிற்றூர் மக்களோடு நெருங்கிப் பழகியமையால், அவர்தம் அல்லலை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

கெய்ரா மாவட்டம் எருமைப் பால் வளம் மிக்கது. ஆயினும் அவ்வளத்தால் உழவர் பெற்ற பயன் சிறிதே. நெல்லையும் பருப்பையும் நல்ல விலை வரும்வரை சேர்த்து வைக்கலாம். பாலையோ சில நாழிகைக்குமேல் வைத்திருத்தல் இயலாது. காலம் தாழ்ப்பின் அது திரிந்து கெடும். ஆதலின் வாங்குவோர் கூறியதே விலையாயிற்று. 1945இல் பம்பாய் அரசு அந்நகர மக்களுக்குப் பால் வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஆனந்திலிருந்து பால் அனுப்பும் உரிமையைப் போல்சன் என்னும் தனியார் நிறுவனத்திற்கு அளித்தது. நகரத்தார் கொடுத்த விலை உயர்ந்தும், கறந்து கொடுத்த உழவர்க்கு அதன் பயன் சென்றிலது.

மனம் நொந்த உழவர்கள் சர்தாரிடம் முறையிட்டனர். தம் பாலைத் தாமே கூட்டுறவு முறையில் விற்க வேண்டும் என்பதும், அதற்கு அரசு இசையாவிடின் பால் விற்பதையே நிறுத்த வேண்டும் என்பதும் அவர் கூறிய அறிவுரை. அவர் அனுப்பிய மொரார்ஜி தேசாய், 1946ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் சமர்கா என்னும் ஊரில் கூட்டம் கூட்டினார். ஊர்தோறும் சங்கம் அமைப்பது என்று அங்கே உறுதி செய்யப்பட்டது. அப்பொறுப்பைத் தாங்க முன்வந்தவர் திரிபுவனதாசர்.

அரசு முதலில் இணங்கவில்லை. உழவர்கள் வணிகர்க்குப் பால் விற்பதை நிறுத்தினர். அன்றாட வருவாயைக் கொண்டே வாழும் ஏழைகட்கு ஒருநாள் இழப்பும் பேரிழப்பே. ஒரு சிலர் மனந்தளர்ந்து பாலை விற்றிருப்பினும் முயற்சி முழுதும் பாழாகியிருக்கும். ஆயினும் அவர்கள் பதினைந்து நாள் ஒன்றுபட்டு நின்றனர். பம்பாய்த் திட்டம் நிலைகுலைந்தது; அரசு இணங்கியது. 1946ஆம் ஆண்டு திசம்பர் 14ஆம் நாள் கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு செய்யப்பெற்றது. திரிபுவனதாசர் அதன் தலைவரானார்.

1948இல் இரண்டு சிற்றூர்ச் சங்கங்களிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 லிட்டர் பாலுடன் பணி தொடங்கிற்று. தலைவர் ஊர் ஊராகச் சென்று, கூட்டுறவின் நன்மையை மக்களுக்கு எடுத்துரைத்தார். சங்கத்தில் ஓர் எருமை உடையார்க்கும் பல எருமைகள் உடையார்க்கும் வாக்கு ஒன்றே. சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒரே வரிசையில் நின்று பால் ஊற்றினர். பாலை அளந்து, அதன் கொழுப்பளவை ஆய்ந்து, தகுந்த விலை கொடுக்கப்பட்டது. நீர் கலப்பார்க்கு ஊதியம் இல்லை. நேர்மையாளர்க்கு இழப்பும் இல்லை. இம்முறையால் மக்கள் உள்ளத்தில் நம்பிக்கை வேரூன்றியது.

தமக்குத் தெரியாத துறையில் தெரிந்தாரைத் தேடித் துணைக்கொள்ளுதல் தலைவர்க்குரிய பண்பு. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற வர்கீஸ் குரியன் என்னும் இளைஞர், 1949இல் அரசுப் பணியாளராக ஆனந்திற்கு வந்தார். அவ்வூரை விட்டுச் செல்ல விரும்பியிருந்த அவரைத் திரிபுவனதாசர் அன்பால் தடுத்து நிறுத்தி, ஒன்றியத்தின் மேலாண்மையை அவரிடம் ஒப்படைத்தார். அவர் பணியில் வீணே தலையிடவும் இல்லை.

குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகப் பால் தரும். அவ்வளவு பாலையும் பம்பாய் ஏற்கவில்லை. மிகுந்த பாலைத் தூளாக்கின் உழவர்க்கு இழப்பு நேராது. ஆனால் எருமைப் பாலைத் தூளாக்க இயலாது என்று அயல்நாட்டு வல்லுநர் பலர் கருதினர். தலாயா என்னும் அறிஞர் அதனைச் செய்து காட்டினார். 1955ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் நேரு பெருமகனார் திறந்து வைத்த தொழிற்சாலை, எருமைப் பால்தூளையும் வெண்ணெயையும் ஆக்கியது. அமுல் என்னும் பெயர் நாடெங்கும் பரவிற்று. 1964இல் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அப்பகுதியின் சிற்றூர் ஒன்றில் இரவு தங்கி, இம்முறையின் சிறப்பைக் கண்டறிந்தார். அதன் பயனாக 1965இல் தேசியப் பால்வள வாரியம் தோன்றியது. 1970 முதல் ஆனந்த் முறை பிற மாநிலங்களிலும் பரவலாயிற்று.

1963இல் மகசேசே விருதும், 1964இல் பத்மபூஷண் விருதும் திரிபுவனதாசரை வந்தடைந்தன. அவற்றினும் சிறந்ததொரு பரிசை அவர் எளிய மக்களிடமிருந்து பெற்றார். அவர் தலைமைப் பதவியினின்று விலகியபோது, உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாயாகச் சேர்த்து, ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபாய் கொண்ட பொற்கிழியை அளித்தனர். அதனைத் தமக்கென வைத்துக்கொள்ள அவர் உள்ளம் இசையவில்லை. அத்தொகையைக் கொண்டு, சிற்றூர்த் தாய்மார், குழந்தைகள் ஆகியோரின் உடல்நலம் பேணும் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். மக்கள் அளித்தது மக்களுக்கே சென்றது.

1994ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள் அப்பெரியார் இயற்கை எய்தினார். 2025இல் ஆனந்தில் அமைந்த கூட்டுறவுப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும் துளிகள் வெள்ளமாதற்கு அவற்றைச் சிதறாமல் தாங்கும் கரை வேண்டும். கெய்ரா உழவர்களுக்கு அக்கரையாய் அமைந்தது திரிபுவனதாசரின் நேர்மை. எளியோர் ஒன்றுபட்டால் வலியோராவர் என்பதையும், அவ்வொற்றுமையைக் காப்பது தலைவரின் தன்னலமின்மையே என்பதையும் அவர் வாழ்க்கை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.