செம்புலைச் செல்வர் விவியன்

நம் கல்லூரி இரசாயன சாலையிற் கந்தகம் எரியுங்கால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகின்றோம். அப்புகையை அல்லும் பகலும் உயிர்த்து வாழ்ந்த ஊரொன்றுண்டு. வேல்ஸ் தேசத்துச் சுவான்சியே அது. அங்குச் செம்பு உருக்கிப் பெரும்பொருளீட்டிய ஜான் ஹென்றி விவியன் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறப் புகுந்தாம்.

இவர் 1785ஆம் ஆண்டிற் கார்ன்வால் நாட்டு ட்ரூரோ நகரிற் பிறந்தார். தமையனார் வாட்டர்லூப் போரிற் குதிரைப்படை நடத்திய தலைவர். இளையவரோ வாளெடுத்திலர்; ஜெர்மனி சென்று பிரைபர்க் நகரிற் சுரங்கக்கலை பயின்றார். 1810ஆம் ஆண்டளவில், சுவான்சியை அடுத்த ஹவோட் என்னுமிடத்தில், ஆற்றங்கரையில், விவியன் அண்ட் சன்ஸ் கம்பெனியாரின் உலைகள் எழுந்தன. தாது கார்ன்வாலிலிருக்க உலை வேல்ஸில் அமைந்ததேன் எனின், உருக்குதற்கு வேண்டிய நிலக்கரி தாதினும் மிகுதியாதலின், கரியுள்ள இடத்திற்குத் தாதைக் கொணர்தலே ஆதாயமாயிற்று. தாதிறக்கிய கப்பல்கள், கார்ன்வால் சுரங்கங்களில் நீரிறைக்கும் எந்திரங்களுக்குக் கரியேற்றி மீண்டன.

தாதிலிருந்த கந்தகமும் பாஷாணமும் புகையாய்ப் பரந்தன. பயிர் கருகிற்று, கால்நடைகள் நொண்டின, குன்றுகள் புல்லுமின்றி மொட்டையாயின. உழவர் முறையிட்டனர். விவியன் வாளாவிருந்தாரல்லர். மைக்கேல் பாரடே முதலிய அறிஞரைத் துணைக்கொண்டு, புகையை நீண்ட குழைவழிகளிற் செலுத்தி, நீர் தூவிக் கழுவிப் பார்த்தார். 14,000 பவுனுக்கு மேற் செலவாயிற்று. நச்சில் ஒரு பகுதி குறைந்தது, புகை ஒழிந்தபாடில்லை. தம் உலைகளிற் செம்புருக்கும் முறையைப் பிறர்க்கு மறையாது கட்டுரையாய் வெளியிட்டார். 1823இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார்.

இத்துணை முயன்ற அவரே, 1833இல் உழவர் தொடுத்த வழக்கில் எதிர்வாதியாய் நின்று வென்றார். உலையவிந்தால் ஊரார் அடுப்பும் அவியும் என்னும் எண்ணம் ஜூரிமார் உள்ளத்தே இருந்தது போலும். அவ்வெற்றியை அவர்தம் பெருமைகளோடு சேர்த்தெண்ண எம்மனம் ஒருப்படவில்லை. தொழிலாளர்க்கு வீடுகளும் அவர்தம் பிள்ளைகட்குப் பள்ளியும் அக்குடும்பத்தார் அமைத்தது மெய். மேல்காற்று மிகுந்த அவ்வூரில், புகை செல்லாத மேற்புறத்தே அவர் தமக்குச் சிங்கிள்டன் மாளிகையை அமைத்துக்கொண்டதும் மெய்யே.

1832 முதல் சுவான்சிக்குப் பார்லிமெண்டு அங்கத்தினராயிருந்து, 1855இல் உயிர்நீத்தார். அவர் புதல்வர் ஹென்றி ஹஸ்ஸி, 1860க்குப்பின், வீணே போன புகையிலிருந்து கந்தகத் திராவகம் வடித்து விற்றார். ஹவோட் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. 1961இல் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாய் அம்மொட்டைக் குன்றுகளில் மீண்டும் மரங்கள் நடப்பெற்றன. சிங்கிள்டன் மாளிகை இப்பொழுது சுவான்சிப் பல்கலைக்கழகத்திற்கு உரியது. நம்மை யொத்த மாணாக்கர் அதன் படிகளில் ஏறியிறங்குகின்றனர்.