வால்டர் டல்: பதக்கத்துக்குப் பின்னால் மறைந்த ஆட்டக்காரர்

1909 அக்டோபரில் பிரிஸ்டல் சிட்டி அணியை எதிர்த்து ஆட லண்டனிலிருந்து டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அணி சென்றது. வந்த பதினொரு பேரில் ஒருவர் மட்டும் கறுப்பினத்தவர், வயது 21. ஆட்டம் நெடுகிலும் பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் அவருடைய நிறத்தைச் சொல்லி இழிமொழிகளால் ஏசிக்கொண்டே இருந்தனர். அதை நேரில் கண்ட விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர் தம் பத்திரிகையில் அந்தக் கூட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். திறமையைக் கொண்டு பார்த்தால் அன்று களத்திலிருந்த முன்வரிசை வீரர்களில் அவரே சிறந்தவர் என்று எழுதியதோடு, மனத்தூய்மையில் வெள்ளை வீரர்கள் அனைவருக்கும் அவர் முன்மாதிரி என்றும் பாராட்டினார். அந்த ஆட்டக்காரரின் பெயர் வால்டர் டல். ஏசியவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஏசப்பட்டவர் சிறிது காலத்துக்குள் முதல் அணியிலிருந்து நீக்கப்பட்டார்.

இன்று வால்டர் டல்லின் பெயரை அறிந்தவர்களில் பெரும்பாலோர் அவரை முதல் உலகப் போரில் இறந்த அதிகாரியாகவே அறிந்திருக்கிறார்கள். சீருடை அணிந்த அவருடைய படம் பள்ளிப் பாடங்களிலும் நினைவு நாணயத்திலும் இடம்பெற்றிருக்கிறது. அந்தப் புகழை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் சீருடைக்கு முன்பே அவர் தம் உழைப்பால் ஈட்டிய ஒரு தொழில் இருந்தது. அத்தொழிலில் அவருக்கு நேர்ந்ததை விரிவாகப் பேசினால், இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்களும் பதில் சொல்லவேண்டியிருக்கும். போர்க்களத்து மரணம் யாரிடமும் அவ்வாறு பதில் கேட்பதில்லை.

1888 ஏப்ரல் 28 அன்று கென்ட் மாவட்டத்தின் ஃபோக்ஸ்டன் துறைமுக நகரில் வால்டர் பிறந்தார். தந்தை டேனியல் டல் பார்படோஸ் தீவிலிருந்து வந்து குடியேறிய தச்சர். டேனியலின் பெற்றோர் தலைமுறை கரும்புத் தோட்ட அடிமைமுறையை உடலால் அறிந்த தலைமுறை. தாய் ஆலிஸ் பால்மர் கென்ட் மண்ணைச் சேர்ந்த வெள்ளையினப் பெண். 1895இல் தாய் புற்றுநோயால் இறந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். ஆனால் 1897இல் அவரும் இறந்துபோனார். கையில் பல பிள்ளைகளோடு நின்ற சிற்றன்னையால் எல்லோரையும் வளர்க்க இயலவில்லை. வால்டரும் அண்ணன் எட்வர்டும் லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் மெதடிஸ்ட் சபையினர் நடத்திய அநாதை இல்லத்துக்கு அனுப்பப்பட்டனர்.

அங்கிருந்து சகோதரர்களின் பாதைகள் பிரிந்தன. இல்லத்தின் பாடகர் குழுவோடு சென்ற எட்வர்டை கிளாஸ்கோ நகரத்து வார்னக் குடும்பத்தினர் தத்தெடுத்துக்கொண்டனர். அவர் பின்னாளில் பல் மருத்துவரானார். வால்டர் இல்லத்திலேயே தங்கி அச்சுத்தொழில் பயின்றார். இல்லத்து அணியில் பந்தாடிப் பழகிய அவர், 1908இல் கிளாப்டன் என்னும் தொழில்முறை சாராத கழகத்தில் சேர்ந்தார். அந்த ஒரே பருவத்தில் கிளாப்டன் அணி இங்கிலாந்தின் அமெச்சூர் கோப்பை, லண்டன் சீனியர் கோப்பை, லண்டன் மாவட்ட அமெச்சூர் கோப்பை ஆகிய மூன்றையும் வென்றது. அப்பருவத்தில் கண்டெடுக்கப்பட்ட ஆட்டக்காரர்களுள் தலைசிறந்தவர் என்று பத்திரிகைகள் அவரைக் குறிப்பிட்டன.

அச்சமயத்தில்தான் முதற்பிரிவுக்கு உயர்ந்திருந்த டாட்டன்ஹாம் கழகம் அவரைத் தேடி வந்தது. 1909 கோடையில் அர்ஜென்டினா, உருகுவே நாடுகளுக்கு மேற்கொண்ட பயணத்தில் அவரை உடன் அழைத்துச் சென்றது; திரும்பியதும் தொழில்முறை ஒப்பந்தம் செய்துகொண்டது. கையொப்பத் தொகை 10 பவுண்டு, வாரச் சம்பளம் 4 பவுண்டு. விதிகள் அனுமதித்த உச்ச அளவுகள் அவை. அவருக்கு முன்பே ஆர்தர் வார்ட்டன் போன்ற கறுப்பின ஆட்டக்காரர்கள் இங்கிலாந்தில் ஆடியிருக்கிறார்கள். ஆனாலும் நாட்டின் உயர்ந்த பிரிவில் ஆடிய கறுப்பினத்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலையே அன்று நிலவியது.

அவருடைய ஆட்டம் எத்தகையது? அக்காலத்து அணி அமைப்பில் ஐவர் முன்வரிசையிலும் மூவர் நடுவரிசையிலும் இருவர் பின்வரிசையிலும் நிற்பர். டாட்டன்ஹாமில் டல் ஆடியது, முன்வரிசையிலேயே சற்று உட்புறமாக நின்று நடுக்களத்தையும் கோல் முகத்தையும் இணைக்கும் இடத்தில். சொந்தத் திடலில் மான்செஸ்டர் யுனைடெட் அணியை எதிர்த்து 30,000க்கும் மேற்பட்ட பார்வையாளர் முன்னிலையில் அவர் ஆடியதைப் பார்த்த செய்தியாளர் ஒருவர், அவரிடம் கண்ட பதற்றமின்மையை வியந்து எழுதினார். பந்து காலுக்கு வந்தவுடன் தட்டிவிடாமல், தடுப்பவர் தம் இடத்தைவிட்டு நகரும்வரை ஒரு கணம் காத்திருப்பாராம்; பிறகு, தேவைப்படும் விசைக்கு மிகாமலும் குறையாமலும் பந்தைக் கூட்டாளிக்கு அனுப்புவாராம். ஓடித் துரத்தும் முரட்டு ஆட்டமே மதிக்கப்பட்ட காலத்தில் இது அரிய குணம். கறுப்பின ஆட்டக்காரர்களை உடல்வலிமைக்கும் வேகத்துக்கும் மட்டும் பாராட்டி, சிந்தித்து ஆடும் பொறுப்பை வெள்ளையருக்கு ஒதுக்கிவைத்த மனப்போக்கு கால்பந்தில் நெடுங்காலம் நீடித்தது. அதற்கான மறுப்பு 1909லேயே அச்சேறியிருந்தது.

பிரிஸ்டல் சம்பவம் நடந்தது இதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு. அந்தப் பருவத்தில் ஏழே ஆட்டங்களுடன் முதல் அணியில் அவருடைய இடம் பறிபோனது. அவர் நீக்கப்பட்டதற்கான காரணம் வரலாற்றாய்வாளர்களிடையே இன்றும் விவாதத்துக்குரியது. நிறவெறிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லும் ஆவணம் எதுவும் கிடைக்காமல் இருக்கலாம். விலக்கி வைப்பவர்கள் காரணத்தை எழுதிவைத்துவிட்டு விலக்குவதில்லை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம்மை உறுத்துவது அந்தச் செய்தியாளரின் பாராட்டும்தான். அவருடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. என்றாலும், அந்தப் பாராட்டு டல்லின் பொறுமையையே பெரிதாகக் கொண்டாடுகிறது. திருப்பி ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் முன்மாதிரி ஆகியிருப்பாரா? அவமதிக்கப்பட்டவரின் அமைதிக்குச் சான்றிதழ் வழங்கிவிட்டு, அவமதிப்பு நடந்த திடலை அப்படியே விட்டுவிடும் வழக்கம் அங்கும் இருந்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை டல் மாற்றணியில் கழித்தார். 21 வயது முதல் 23 வயதுவரை ஓர் ஆட்டக்காரரின் கால்கள் வளம்பெறும் காலம் அது. 1911 அக்டோபரில் சதர்ன் லீக்கில் ஆடிவந்த நார்தாம்ப்டன் டவுன் அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் அவரை வாங்கினார். பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டு, ஆர்சனல் அணிகளைப் பெரும் வெற்றிகளுக்கு இட்டுச்சென்றவரும், கால்பந்தின் உத்திகளையே மாற்றியமைத்தவரும் இதே சாப்மன்தான். ஆட்டத்தை மூளையால் அளந்த ஒருவர், டாட்டன்ஹாம் ஒதுக்கிய ஒருவரைத் தேடி வந்து, பணமும் கொடுத்து, தம் அணியிலிருந்து சார்லி பிரிட்டன் என்னும் வீரரையும் மாற்றாக அனுப்பி வாங்கினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நார்தாம்ப்டனில் டல் முழுமை பெற்றார். முன்வரிசையிலிருந்து நடுவரிசைக்கு, ஹாஃப் பேக் இடத்துக்கு வந்தார். எதிரணியின் தாக்குதலை இடைமறித்து, கைப்பற்றிய பந்தைத் தம் முன்வரிசைக்குப் பயன்படும் வகையில் எடுத்துக்கொடுப்பதே அந்த இடத்தின் பணி. காத்திருந்து, பார்த்து, அளந்து அனுப்பும் அவருடைய இயல்புக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சாப்மன் 1912இல் வேறு அணிக்குச் சென்றுவிட்ட பிறகும் டல் அங்கேயே நிலைத்தார். போர் வரும்வரை அந்த அணிக்காக 100க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். செருப்புத் தொழிலாளர்கள் நிறைந்த அந்த நகரம் அவரைத் தன் ஆட்டக்காரராக ஏற்றுக்கொண்டது.

1914 டிசம்பரில், கால்பந்து வீரர்களுக்கென மிடில்செக்ஸ் படைப்பிரிவில் தொடங்கப்பட்ட 17ஆம் பட்டாலியனில் சேர்ந்தார். விரைவில் சார்ஜண்ட் ஆனார். 1916 மே மாதம், குண்டுவீச்சின் அதிர்ச்சியால் மனநிலை குலைந்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். நலமடைந்து அதே ஆண்டு சொம் போர்முனைக்குத் திரும்பினார். பிறகு அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1917 மே 30 அன்று இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். தூய ஐரோப்பிய வழியில் வந்தவர்களே அதிகாரியாகலாம் என்பது அன்றைய படைத்துறை விதி. அந்த விதி நீக்கப்படவில்லை. அதிகாரிகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்துகொண்டிருந்த வேளையில் கண்டும் காணாமல் விடப்பட்டது. பிரித்தானியப் படையின் முதல் கறுப்பின அதிகாரி என்று டல்லைக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. அது சரியன்று, அவருக்கு முன்பே ஜார்ஜ் பெமண்ட் போன்றோர் அப்பதவி பெற்றிருந்தனர். வெள்ளைப் படைவீரர்களைப் போரில் வழிநடத்திய முதல் சில கறுப்பின அதிகாரிகளுள் ஒருவர் என்பதே பொருந்தும்.

இத்தாலியப் போர்முனையில் 1918 தொடக்கத்தில் பியாவே ஆற்றைக் கடந்து எதிரியின் பகுதிக்குள் 26 பேரை அழைத்துச் சென்று, ஒருவரையும் இழக்காமல் திரும்பினார். அவருடைய துணிவையும் நிதானத்தையும் படைத்தளபதி எழுத்து மூலம் பாராட்டினார். பந்தோடு அவர் காத்து நின்ற ஒரு கணத்தைப் பற்றிச் செய்தியாளர் எழுதியதும் ஏறத்தாழ இதே நிதானத்தைத்தான். பிறகு அவருடைய பட்டாலியன் பிரான்சுக்கு மாற்றப்பட்டது. 1918 மார்ச் 25 அன்று, ஜெர்மானியப் பெருந்தாக்குதலின்போது ஃபாவ்ரேய் சிற்றூருக்கு அருகில் சுடப்பட்டு இறந்தார். வயது 29. லெஸ்டர் அணியில் கோல்கீப்பராக இருந்த டாம் பில்லிங்ஹாம் என்ற படைவீரர் அவருடைய உடலை மீட்க முயன்றும் முடியவில்லை. அராஸ் நினைவிடத்தில், உடல் கிடைக்காத பல்லாயிரவர் பெயர்களோடு அவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

வீரத்துக்கான மிலிட்டரி கிராஸ் பதக்கத்துக்கு அவருடைய பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்ததாக உடன்பணியாற்றிய அதிகாரி எட்வர்டுக்கு எழுதினார். பதக்கம் வரவில்லை. அந்தப் பரிந்துரை ஆவணம் கிடைக்கவில்லை என்று அரசு கூறுகிறது. இப்போதேனும் பதக்கத்தை வழங்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக இயக்கம் நடக்கிறது. நியாயமான கோரிக்கை என்பதே நம் கருத்து. ஆனால் பதக்கம் கேட்டு எழும் குரலில் ஒரு பகுதியேனும், 1909இல் ஓர் ஆட்டக்காரரை அணியிலிருந்து அகற்றியது யார், ஏன் என்ற கேள்விக்குச் செலவிடப்பட்டிருக்கலாம்.

நார்தாம்ப்டன் டவுன் கழகம் 1999இல் தன் திடலுக்கு வெளியே அவருக்கு நினைவுத் தோட்டமும் நினைவுச் சுவரும் அமைத்தது. அருகிலுள்ள சாலைக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. டாட்டன்ஹாமின் பதிவேட்டில் முதல் அணிக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்களின் எண்ணிக்கை 10, கோல்கள் 2.