வினைச்சொல்லாய் வாழ்ந்த தளபதி

அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களுள் போர்த்திறத்தால் புகழ் பெற்றவர்கள் உண்டு. நாவன்மையால் புகழ் பெற்றவர்களும் உண்டு. வாழ்வின் கடைசி ஓராண்டில், தொண்டையைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருக்க, எழுதுகோல் ஒன்றையே துணையாகக் கொண்டு தம் குடும்பத்தையும் தம் பெயரையும் மீட்டவர் யுலிசிஸ் கிராண்ட். நாட்டின் பதினெட்டாம் தலைவர் அவர். எழுத்தை ஒருநாளும் தம் தொழிலாகக் கருதியிராத அம்மனிதரின் வாழ்வு, எழுதுவோர் அனைவரும் அறியத்தக்கது.

பொருளற்ற ஓர் எழுத்து

1822ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், ஒகையோ மாநிலத்துச் சிற்றூரான பாயின்ட் பிளசன்ட்டில் அவர் பிறந்தார். தந்தை ஜெசி, தோல் பதனிடும் தொழிலர். அத்தொழில் மகனுக்குச் சிறிதும் ஒவ்வவில்லை. குதிரைகளிடத்தில்தான் அவர் மனம் ஒன்றியது. பெற்றோர் இட்ட பெயர் ஹிராம் யுலிசிஸ். 1839இல் வெஸ்ட் பாயின்ட் படைக்கல்லூரிக்கு அவரைப் பரிந்துரைத்த காங்கிரஸ் உறுப்பினர் பெயரைத் தவறாக எழுதிவிட்டார். அப்பிழையே நிலைத்து, அவர் யுலிசிஸ் எஸ். கிராண்ட் ஆனார். இடையில் புகுந்த அந்த எழுத்துக்குப் பொருள் ஏதும் இல்லை. பொருளில்லாச் சொல் ஒன்றையும் எழுதாதவர் என்று பின்னாளில் பெயர் பெற்றவருக்கு வாய்த்த பெயர் இவ்வாறு அமைந்தது விந்தையே.

கல்லூரியில் போர்க்கலை நூல்களைவிட நூலகத்துப் புதினங்களையே அவர் விரும்பிப் படித்தார். 1843இல் 39 மாணவருள் 21ஆம் இடம் பெற்றுத் தேறினார். மெக்சிகோப் போரில் துணிவுடன் பணியாற்றினார். எனினும் வலிய நாடு மெலிய நாட்டின்மீது தொடுத்த அப்போர் அறமன்று என்பதே அவர் முடிவு. 1848இல் ஜூலியா டென்ட்டை மணந்தார். மனைவி மக்களைப் பிரிந்து தொலைதூரப் பாசறையில் வாழும் தனிமை தாளாமல், குடிப்பழக்கம் பற்றிய பழிச்சொல்லும் சூழ, 1854இல் படைப்பணியைத் துறந்தார்.

அதன்பின் வந்தவை வறுமையின் ஆண்டுகள். செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகில் உழுதார். நகரத் தெருக்களில் விறகு விற்றார். 1857இல் கிறிஸ்துமஸ் திருநாளை ஒட்டித் தம் பொற்கடிகாரத்தை அடகு வைத்தார். பணமுடை மிகுந்த அந்நாள்களிலும் தம்மிடம் இருந்த அடிமை ஒருவரை விற்றுப் பொருளாக்க எண்ணாமல், 1859இல் விடுதலை செய்தார். 1860இல் கலீனா என்னும் ஊரில் தந்தையின் தோற்பொருள் கடையில் பணியாளராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 38.

களத்தில் பிறந்த நடை

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. கடைப் பணியாளர் மூன்றே ஆண்டுகளில் வடபுலப் படைகள் அனைத்துக்கும் தலைவரானார். டோனல்சன் கோட்டை, ஷைலோ, விக்ஸ்பர்க் ஆகிய களங்கள் அவரை உயர்த்தின. பாசறையில் அமர்ந்து ஆணைகளைத் தம் கையாலேயே விரைந்து எழுதுவார். அவற்றில் அணி இராது, மிகை இராது. இருமுறை படித்துப் பொருள் காண வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை. ஒரு சொல் மயங்கினால் உயிர்கள் பல மாயும் இடத்தில் உருவான நடை அது.

1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டக்ஸ் சிற்றூரில், தென்புலத் தளபதி லீயின் முன் அமர்ந்து சரணடைவின் வரைவையும் அவரே எழுதினார். பழிவாங்கும் சொல் ஒன்றும் அதில் இல்லை. தோற்ற வீரர்கள் வீடு திரும்பி உழுது விதைக்கத் தத்தம் குதிரைகளைக் கொண்டுசெல்ல இசைவளித்தார். பசித்திருந்த அப்படைக்கு உணவும் அனுப்பினார். வெற்றி முழக்கமாக வெடித்த பீரங்கிகளை நிறுத்தச் செய்தார்.

1869 முதல் 1877 வரை அவர் நாட்டை ஆண்டார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கவும், கூ கிளக்ஸ் கிளான் என்னும் கொடுங்கூட்டத்தை ஒடுக்கவும் சட்டத்தின் வலிமையைப் பயன்படுத்தினார். ஆயினும் தம்மைச் சூழ்ந்தோரை அளவின்றி நம்பினார். ஊழல்கள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. தம் கை கறைபடாதிருந்தும் ஆட்சியின் பெயர் கறைபட்டது.

கடனும் நோயும்

நம்பிக்கை என்னும் அதே குணம் முதுமையிலும் அவரைக் கெடுத்தது. நியூயார்க்கில் ஃபெர்டினண்ட் வார்டு என்னும் இளைஞரோடு இணைந்து நடத்திய நிதி நிறுவனம் 1884 மே மாதத்தில் வீழ்ந்தது. வார்டு செய்தது முழு மோசடி. வீழ்ச்சிக்குச் சில நாள் முன்னர், நிறுவனத்தைக் காக்கவென்று செல்வர் வாண்டர்பில்ட்டிடம் கிராண்ட் வாங்கிக் கொடுத்த 1,50,000 டாலரும் அதனோடு போயிற்று. அக்கடனுக்கு ஈடாகத் தம் வாள்களையும் பரிசுப் பொருள்களையும்கூட ஒப்படைத்தார்.

வருவாய்க்காக, தாம் கண்ட போர்களைப் பற்றி ‘செஞ்சுரி’ இதழுக்கு எழுதத் தொடங்கினார். ஷைலோ பற்றிய முதற்கட்டுரை அலுவலக அறிக்கைபோல் வறண்டிருந்தது. இதழாசிரியர் நேரில் வந்து, பேச்சில் வெளிப்படும் நினைவுகளையே எழுத்திலும் தருமாறு தூண்டினார். கிராண்ட் மறுமுறை எழுதினார். அதில் களம் உயிர்பெற்றது. அறுபது வயதைக் கடந்தபின் அவர் எழுத்தாளரானது இப்படித்தான்.

அவ்வாண்டுக் கோடையில் பீச் பழம் ஒன்றைக் கடித்து விழுங்கியபோது தொண்டை தீப்பட்டதுபோல் எரிந்தது. மருத்துவரிடம் செல்ல அக்டோபர் ஆயிற்று. புற்றுநோய் என்பது தெரிந்தது. தாம் இறந்தால் ஜூலியாவின் கதி என்ன என்ற கவலை ஒன்றே அவர் முன் நின்றது. தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக்கத் துணிந்தார். இதழ் நிறுவனம் தர முன்வந்த பங்கு மிகக் குறைவு என்று கண்ட மார்க் ட்வைன், தம் பதிப்பகத்தின் வழியே நிகர இலாபத்தில் 70 விழுக்காடு தருவதாகக் கூறி, 1885 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்தார்.

மலைமேல் ஒரு குடில்

இனி அது காலத்தோடு ஓடிய ஓட்டம். சொல்லியும் எழுதுவித்தார். குரல் தேய்ந்தபோது தாமே பென்சிலால் எழுதினார். உதவிக்கு இருந்த ஆடம் பாடோ, நூலின் உண்மை ஆசிரியர் என்று ஓர் இதழ் எழுதியது. கூடுதல் ஊதியமும் கேட்டார். கிராண்ட் அவ்வுதவியைத் துறந்து, எழுத்து முழுவதும் தம்முடையதே என நிலைநாட்டினார். தெளிவு குன்றுமென்று அஞ்சி, வலியடக்கும் மருந்தைக்கூட அளந்தே ஏற்றார்.

ஜூன் 16 அன்று நியூயார்க் மாநிலத்து மெக்ரெகர் மலையில் ஒரு குடிலுக்கு அவரைக் கொண்டுசென்றனர். படுக்க இயலாமல் இரு நாற்காலிகளை எதிரெதிரே இட்டு இரவுகளைக் கழித்தார். அங்கே ஜூலையில் சைமன் பக்னர் என்னும் தென்புலத் தளபதி காண வந்தார். 1854இல் கையில் காசின்றி நியூயார்க்கில் நின்ற கிராண்டுக்கு உதவியவர் பக்னர். 1862இல் டோனல்சன் கோட்டையில் கிராண்டிடம் நிபந்தனையின்றிச் சரணடைந்தவரும் அவரே. பேச்சிழந்த நண்பர் தாளில் எழுதி உரையாடினார்.

மருத்துவருக்கு எழுதிக்கொடுத்த துண்டுத்தாள் ஒன்றில், தாம் பெயரின் இடத்தில் நிற்கும் சொல் அல்லர், வினைச்சொல்லே என்ற கருத்தை அவர் பதிந்தார். இருத்தலையும் செய்தலையும் துன்புறுதலையும் குறிப்பது வினைச்சொல் என்பதும், தமக்கு அம்மூன்றும் பொருந்தும் என்பதும் அவர் விளக்கம். செயப்பாட்டு வினைக்குப் ‘படு’ என்னும் துன்பச்சொல்லையே துணைவினையாக்கிய தமிழில் அக்குறிப்பு இன்னும் ஆழமாய் ஒலிக்கும்.

நூலில் குறைகள் உண்டு. 1862இல் தம் படைப்பகுதியிலிருந்து யூதர்களை வெளியேற்ற அவர் பிறப்பித்ததும், லிங்கன் நீக்கச் செய்ததுமான ஆணையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. குடிப்பழக்கத்தையும் பேசவில்லை. ஆட்சிக்காலத்தைத் தொடாமல் போரோடு நின்றுவிடுகிறது. ஆனால் சொன்ன இடங்களில் தம்மை உயர்த்திச் சொல்லவில்லை; தோற்றவரைத் தாழ்த்தவும் இல்லை.

ஜூலை நடுப்பகுதியில் திருத்தங்கள் முடிந்தன. எழுதுகோலைக் கீழே வைத்த சில நாள்களில், 1885 ஜூலை 23 காலையில், 63ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் உடலைத் தாங்கும் பெருமை பெற்றோருள் பக்னரும் ஒருவர். இரு தொகுதிகளாக வெளிவந்த நூல் மூன்று இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஜூலியாவுக்கு ஏறத்தாழ 4,50,000 டாலர் கிடைத்தது. கணவர் எண்ணியபடி, அவர் வறுமை அறியாமல் வாழ்ந்தார்.

பதவி தந்த புகழைப் பதவியே தேய்த்தது. போர் தந்த புகழுக்குப் பங்காளிகள் பலர். மலைக்குடிலில் போர்வை போர்த்தி அமர்ந்து, விழுங்கவும் இயலாத வேதனையில் எழுதிய பக்கங்கள் மட்டும் முற்றிலும் அவருடையவை. அவை இன்றும் படிக்கப்படுகின்றன.