கிரகாம்பெல்லும் முறுக்கிய கம்பியும்



டெலிபோனைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் சின்னப் பையன்கூட கிரகாம்பெல் என்பான். ஆனால் நாம் லேபில் பிளக் போட்டுப் பழகுகிற நெட்வொர்க் கேபிளுக்குள்ளும் அவர்தான் இருக்கிறார்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

அலெக்சாண்டர் கிரகாம்பெல் 1847 மார்ச் 3-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். அப்பா பேச்சுப் பயிற்சி ஆசிரியர். அம்மாவுக்குக் காது மந்தம். அண்ணனையும் தம்பியையும் காசநோய் கொண்டுபோனது. மிஞ்சிய ஒரே பிள்ளையோடு பெற்றோர் 1870-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பெல் அமெரிக்காவின் பாஸ்டனில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். அங்கே அவரிடம் படித்த மேபல் என்ற காது கேளாத பெண்ணையே 1877-இல் மணந்தார். குரலைக் கம்பியில் அனுப்பிய மனிதர். அந்தக் குரலை அவர் மனைவியால் கேட்க முடியவில்லை!

டெலிபோன் பேட்டன்ட் கிடைத்தது 1876 மார்ச் 7-இல். பெல் விண்ணப்பித்த அதே நாளில் எலிஷா கிரேயும் மனு கொடுத்தார் என்று சர்ச்சை உண்டு. வழக்குகள் பல நடந்து, 1888-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெல் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

நமக்கு முக்கியமானது 1881. அதுவரை டெலிபோனுக்கு ஒற்றைக் கம்பிதான். திரும்பும் வழி பூமி. பக்கத்துத் தந்திக் கம்பிகளின் இரைச்சலெல்லாம் உள்ளே புகுந்துவிடும். பெல் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினார். வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். கடைசியில் வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் அடிபட்டுப் போகும். அவ்வளவுதான் சூட்சுமம்! இன்றைய கேட்-5இ கேபிளில் இப்படி நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் முறுக்கு வேறு வேறு. 100 மீட்டர் வரை நொடிக்கு 1000 மெகாபிட் போகும்.

இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகைதான் அவன் பேச்சு. நண்பர்களோடு வீடியோவில்தான் பேசுவான். பின்கட்டு அறைக்கு வை-ஃபை சரியா வராது. படம் நின்றால் நமக்குக் குரலாவது கேட்கும். அவனுக்கு வார்த்தையே போச்சு. லீவில் கேசிங் பட்டி அடித்து, ரூட்டரிலிருந்து ஒரு ஸ்விட்சுக்கும், அங்கிருந்து அவன் கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் கேபிள் இழுத்தேன். பிளக் போடும்போது முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீங்க, அதில்தான் உயிரே இருக்கு. இப்போ கைவிரல் அசைவு ஒன்றுகூடத் தப்புவதில்லை. சப்-டைட்டிலோடு படமும் தடங்கலில்லாமல் ஓடுது.

ஒன்றை மறைக்கக் கூடாது. பெல்லுக்குச் சைகை மொழி தெரியும். ஆனாலும் பள்ளிகளில் அது வேண்டாம், பேச்சுப் பயிற்சியே போதும் என்று வாதாடினார். காது கேளாதோர் பலருக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. என் தம்பியைப் பார்க்கிற எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அவர் வேண்டாமென்ற மொழி, அவர் முறுக்கிய கம்பியிலேயே எங்க வீட்டில் ஓடுகிறது.

1922 ஆகஸ்ட் 2-இல் பெல் காலமானார். அடக்கத்தின்போது வட அமெரிக்க டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனமாயின.

நண்பர்களே, மேதைகளை மதிப்போம். அவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நாம் செய்யும் கருவியை யார் பயன்படுத்தப் போகிறார்களோ, அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்போம்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை