பேட்டரிக்கு மறுவாழ்வு தந்த பிளான்டே

குளிர் நாடுகளில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பலர், பனிக்காலம் முழுவதும் அதை வெளியே எடுக்கமாட்டார்கள். ஷெட்டில் நிறுத்தி, உறை போட்டு மூடி விடுவார்கள். ஆனால், சுவரில் உள்ள பிளக்கில் இருந்து ஒரு சின்ன சார்ஜரின் ஒயர் மட்டும் காருக்குள் போகும். ஓடாத காருக்கு எதற்கு மின்சாரம்? விடையை அறிய, அந்த பேட்டரியைக் கண்டுபிடித்தவரின் கதையைக் கேளுங்கள். அவர் பெயர் காஸ்டன் பிளான்டே.

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில் உள்ள சிற்றூர் ஆர்தெஸ். அங்கே, 1834ம் ஆண்டு ஏப்ரல் 22ம் தேதி பிளான்டே பிறந்தார். அவருடைய தம்பி பிரான்சிஸ், பிற்காலத்தில் புகழ் பெற்ற பியானோ கலைஞர். அண்ணனுக்கோ அறிவியல் மீதுதான் ஆசை.

1854ம் ஆண்டு, பாரிஸ் நகரின் தொழிற்கலைக் கல்விக்கூடத்தில், இயற்பியல் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஓர் அதிசயம் நடந்தது. பாரிசுக்கு அருகில் மண்ணுக்குள் புதைந்து கிடந்த ஒரு பெரிய கால் எலும்பு அவர் கண்ணில் பட்டது. ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த, பறக்க முடியாத ராட்சதப் பறவையின் எலும்பு அது! அந்தப் பறவைக்கு அவர் பெயரை வைத்தே, 'காஸ்டோர்னிஸ்' என்று பெயர் சூட்டினர்.

ஆனால், பிளான்டேயின் மனம் முழுவதும் மின்சாரத்தில்தான் இருந்தது. 1800ம் ஆண்டில் வோல்டா முதல் பேட்டரியை உருவாக்கியிருந்தார். அதன் பிறகு பல வகை பேட்டரிகள் வந்தன. அவற்றில் எல்லாம் ஒரு குறை. உள்ளே இருக்கும் துத்தநாகம் கரைந்து தீர்ந்தால், பேட்டரியின் கதையும் முடிந்தது.

பிளான்டே ஒவ்வோர் உலோகமாக எடுத்துச் சோதித்தார். அமிலம் கலந்த நீரில் இரண்டு தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்துவார், பிறகு நிறுத்துவார். உடனே அந்தத் தகடுகளே சிறிது நேரம் மின்சாரத்தைத் திருப்பித் தந்தன. இப்படித் திருப்பித் தருவதில், ஈயத் தகடுகளை மற்ற எந்த உலோகமும் மிஞ்சவில்லை.

1859ம் ஆண்டு, இரண்டு நீண்ட ஈயத் தகடுகளை, ஒன்றோடு ஒன்று தொடாதபடி பாய் போலச் சுருட்டினார். கந்தக அமிலம் கலந்த நீர் நிரம்பிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்தார். தீர்ந்தால் மீண்டும் நிரப்பக்கூடிய முதல் பேட்டரி பிறந்தது! 1860ல், 9 குடுவைகளைச் சேர்த்து, பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் காட்டினார்.

பொறுமைக்குச் சோதனை அதன் பிறகுதான். புதுத் தகடுகள் கொஞ்சம் மின்சாரத்தையே சேமித்தன. நிரப்பவும், காலி செய்யவும், சும்மா வைத்திருந்து மீண்டும் நிரப்பவும் என்று மாதக்கணக்கில் செய்தால்தான் அவை நன்றாக வேலை செய்தன. இன்னொரு தொல்லை என்ன தெரியுமா? அன்று வீடுகளில் பிளக் கிடையாது. தன் பேட்டரியை நிரப்ப, துத்தநாக பேட்டரிகளையே அவர் செலவழிக்க வேண்டியிருந்தது! வேறு யாராவது இருந்தால் மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். பிளான்டே விடவில்லை. நூற்றுக்கணக்கான குடுவைகளை இணைத்து, மின்னலைப் போன்ற பொறிகளை உண்டாக்கி ஆராய்ந்தார். 1879ல் தன் ஆராய்ச்சிகளை நூலாக வெளியிட்டார்.

காலம் மெல்லக் கனிந்தது. 1871ல் கிராம் என்பவர் நல்ல டைனமோவை உருவாக்கினார். மின்சாரம் எளிதில் கிடைத்தது. 1881ல் கமில் ஃபோர் என்பவர், தகட்டின் மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசி, பேட்டரி தயாராகும் காலத்தைக் குறைத்தார். 1889ம் ஆண்டு மே 21ம் தேதி, தன் 55வது வயதில், பாரிசுக்கு அருகில் பிளான்டே காலமானார். 1912ல், கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அதன் பிறகு கார்களுக்கு பேட்டரி இல்லாமல் முடியாது என்றானது. அதைப் பார்க்க பிளான்டே இல்லை.

இப்போது ஷெட்டுக்குள் இருக்கும் காருக்கு வருவோம். நின்றிருந்தாலும் அதன் கடிகாரம், திருட்டு அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். பேட்டரி காலியாகும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் அது மறைந்து விடும். வாரக்கணக்கில் விட்டால், கெட்டியான படிகமாக இறுகி விடும். பிறகு பேட்டரி பழைய பலத்துக்குத் திரும்பாது. அதனால்தான் அந்தச் சின்ன சார்ஜர். மெதுவாக நிரப்பும், நிறைந்ததும் மின்சாரத்தைக் குறைத்துக் கொண்டு காவல் காக்கும்.

இதை இணைப்பது பெரியவர்களின் வேலை. முதலில் சிவப்பு கிளிப்பை பிளஸ் முனையில் மாட்ட வேண்டும். கறுப்பு கிளிப்பை மைனஸ் முனையிலோ, கார் கையேடு காட்டும் உலோகப் பகுதியிலோ மாட்ட வேண்டும். கடைசியில்தான் சுவரில் ஸ்விட்ச் போட வேண்டும். கழற்றும்போது ஸ்விட்ச்சை முதலில் அணைக்க வேண்டும். சார்ஜ் ஆகும் ஈய பேட்டரியில் இருந்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வரலாம். எனவே காற்றோட்டமும் தேவை. சில புதிய ஸ்போர்ட்ஸ் கார்களில் லித்தியம் பேட்டரி உண்டு; அதற்கு அதற்கான சார்ஜர்தான் வேண்டும்.

படிப்பும் அப்படித்தான் குட்டீஸ்! பரீட்சைக்கு முதல் நாள் மொத்தமாக நிரப்பினால் போதாது. விடுமுறையிலும் தினமும் கொஞ்சம் படித்தால், மூளை தயாராக இருக்கும்.