லூசி ஆஸ்பர்ன்: கப்பலேறிப் போன நர்ஸ்



கைவிளக்கேந்திய காரிகை யார் என்று கேட்டால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்னு டக்குனு சொல்லிடுவாங்க. நான் எழுத வந்திருப்பது அவரைப் பற்றி இல்லை. அவர் ஆரம்பித்த பள்ளியில் படித்துவிட்டு, கடல் கடந்து ஆஸ்திரேலியா போன லூசி ஆஸ்பர்னைப் பற்றி. (பேரைப் பார்த்துட்டு யாரும் சிரிக்கக் கூடாது!) சிட்னி ஊரில் இவர் ரொம்பப் பிரபலம். நம்ம பக்கம்தான் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது.

லூசி 1836 மே 10-ஆம் நாள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் பிறந்தார். அப்பா வில்லியம் ஆஸ்பர்ன், எகிப்து நாட்டுப் பழம்பொருள்களை ஆராய்ந்து புத்தகம் எழுதியவர். வசதியான, படித்த குடும்பம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண் நர்ஸ் வேலைக்குப் போறேன்னு சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? நர்ஸ் என்றால் குடித்துவிட்டு வார்டில் தூங்குகிற, வேறு வேலை கிடைக்காத பெண்கள் என்றுதான் அன்றைக்கு ஊரே நினைத்தது. லூசியின் அப்பாவுக்கும் இது பிடிக்கவில்லை. ஆனாலும் லூசி போய்ச் சேர்ந்தார். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-ல் நைட்டிங்கேல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி அது.

இப்போ கதை சிட்னிக்குப் போகுது. அங்கே மக்குவாரி தெருவில் சிட்னி இன்ஃபர்மரி என்று ஒரு மருத்துவமனை. இதைக் கட்டிய கதையே வேடிக்கை. 1810-ல் ஆளுநர் மக்குவாரியிடம் கட்டடம் கட்டக் காசு இல்லை. அதனால் கட்டித் தருகிறவர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக 45,000 கேலன் ரம் சாராயம் இறக்குமதி செய்துகொள்ள உரிமை கொடுத்தார். அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘ரம் ஆஸ்பத்திரி’. சாராயத்தில் கட்டிய ஆஸ்பத்திரி உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்குதா, தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

அறுபது வருஷம் ஆவதற்குள் அந்த இடம் நாறிப் போயிருந்தது. சாக்கடை நாற்றம், பூச்சி அரிக்கும் கட்டில்கள், அழுக்கான சமையல் அறை, பயிற்சியே இல்லாத ஆட்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசில் காலனிச் செயலாளராக இருந்த ஹென்றி பார்க்ஸ், பயிற்சி பெற்ற நர்ஸ்களை அனுப்பி வைக்கும்படி நைட்டிங்கேலுக்கே கடிதம் எழுதினார். நைட்டிங்கேல் தேர்ந்தெடுத்த தலைமை நர்ஸ்தான் லூசி. கூடவே ஐந்து நர்ஸ்கள்.

1867 டிசம்பரில் ‘டன்பார் காசில்’ என்ற கப்பலில் ஏறினார்கள். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல் என்று படித்திருக்கிறோம் இல்லையா? அப்படீன்னா இவங்க ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டுத்தான் போகணும். மூணு மாசம் கடல்லயே! 1868 மார்ச் 5-ஆம் நாள் சிட்னியில் இறங்கினபோது லூசிக்கு வயது 31.

இறங்கி ஒரே வாரம். மார்ச் 12 அன்று விக்டோரியா மகாராணியின் இரண்டாவது மகன் இளவரசர் ஆல்ஃபிரட் கிளான்டார்ஃப் என்ற இடத்தில் விருந்துக்குப் போனபோது, ஓஃபாரல் என்பவன் முதுகில் சுட்டுவிட்டான். இளவரசரைக் கவனிக்க லூசியின் நர்ஸ்களைத்தான் அழைத்தார்கள். இளவரசர் பிழைத்துக்கொண்டார். வந்த ஒரு வாரத்தில் ஊரெல்லாம் பேர்! இனிமேல் லூசிக்குக் கவலையே இல்லை என்றுதானே நினைப்போம். நடந்தது தலைகீழ்.

சுட்டவன் அயர்லாந்துக்காரன். அதனால் ஊரில் கத்தோலிக்கர்கள் மேல் வெறுப்பு கிளம்பியது. லூசி இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்தான். ஆனால் தன் நர்ஸ்களை ‘சிஸ்டர்’ என்று அழைத்தார். அது போதாதா! கன்னியாஸ்திரீ மடத்தையே உள்ளே கொண்டுவரப் பார்க்கிறார் என்று பேச ஆரம்பித்தார்கள். பூச்சி பிடித்துக் கிழிந்து கிடந்த பழைய புத்தகங்களை எரித்ததற்கு, பைபிளை எரித்துவிட்டார் என்று 1870-ல் பெரிய புகார். விசாரணைக் குழு போட்டுக் கேட்டார்கள். குற்றச்சாட்டு நிற்கவில்லை.

என்னைக் கேட்டால் மதப் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை வேற. வார்டில் யார் சொல்வதை யார் கேட்பது என்பதுதான் அது. நைட்டிங்கேல் முறையில் நர்ஸ்கள் எல்லோரும் தலைமை நர்ஸ் பொறுப்பில் இருக்க வேண்டும். சிட்னியில் நிர்வாகக் குழு அந்த அதிகாரத்தை லூசியிடம் முழுசாகக் கொடுக்கவே இல்லை. வேலை உன்னுது, அதிகாரம் எங்களுதுன்னா எப்படி? நைட்டிங்கேலோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் ராபர்ட்ஸே பிறகு லூசிக்கு எதிராகப் போய்விட்டார். கூட வந்த ஐந்து பேரில் சிலருக்கும் லூசியோடு ஒத்துப்போகவில்லை. சில வருஷத்துக்குள் ஐந்து பேருமே ஒவ்வொருத்தராக வெளியே போய்விட்டார்கள். அவர்களில் ஹால்டேன் டரிஃப் என்பவர் மெல்போர்னில் 1871-ல் திறந்த ஆல்ஃபிரட் மருத்துவமனையின் முதல் தலைமை நர்ஸ் ஆனார். சுடப்பட்டுப் பிழைத்த அதே இளவரசரின் பெயரில் கட்டிய மருத்துவமனை அது!

எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது அடுத்த விஷயம்தான். இளவரசரைக் கவனித்தது பற்றி லூசி தன் உறவினருக்கு எழுதிய கடிதம் இங்கிலாந்தில் பல பேர் கைக்குப் போய்விட்டது. நைட்டிங்கேலுக்குக் கோபம் வந்தது. பிறகு நர்ஸ்கள் பிரிந்துபோன செய்தியும் சேர்ந்ததும், லூசி மேல் வைத்திருந்த நம்பிக்கையே அவருக்குப் போய்விட்டது. சிட்னி முயற்சி தோற்றுவிட்டது என்றே நினைத்தார். நைட்டிங்கேல் எவ்வளவு பெரியவங்களா இருந்தாலும், இதில் அவங்க செய்தது நியாயம் இல்லைன்னுதான் நான் சொல்வேன். லண்டனில் உட்கார்ந்துகொண்டு, மூணு மாசக் கடலுக்கு அந்தப் பக்கம் நடப்பதை எப்படித் தீர்மானிக்கிறது?

ஒப்பந்தம் மூன்று வருஷம்தான். முடிந்ததும் லூசி ஊருக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தார். நைட்டிங்கேலின் ஆலோசனைப்படி கட்டி 1869-ல் முடித்த ‘நைட்டிங்கேல் விங்’ கட்டடத்தில்தான் நர்ஸ்கள் தங்கினார்கள். அது இன்றும் மக்குவாரி தெருவில் நிற்கிறது. அதில் லூசி பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

1873-ல் அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. தலைவர் வில்லியம் விண்டேயர். நோயாளிகள் பட்ட பாட்டையும், மருத்துவமனை இருந்த கேவலத்தையும் ஆணையம் வெளியே கொண்டுவந்தது. தப்பு நிர்வாகக் குழு மேல், லூசி மேல் இல்லை என்று அறிக்கை சொன்னது. வந்து ஐந்து வருஷம் கழிச்சுத்தான் அந்த நியாயம் கிடைச்சது.

இன்றைக்கு இந்தியாவில் படித்த ஒரு நர்ஸ் ஆஸ்திரேலியா போக, பெரும்பாலும் ஆங்கிலத் தேர்வு, பிறகு என்கிளெக்ஸ் தேர்வு, அங்கே போய் ஒரு செய்முறைத் தேர்வு எல்லாம் முடித்துத்தான் பதிவு வாங்க முடியும். எங்க பெரியப்பா மகள் இதற்காக ராத்திரி பகலாகப் படிக்கிறாங்க. லூசிக்கு அப்படித் தேர்வு எதுவும் இல்லை. ஊரே தேர்வு வைத்தது!

மொத்தம் பதினாறு வருஷம் அங்கே இருந்து, 1884-ல் வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்து திரும்பினார். ஓய்வெடுக்கவில்லை. லண்டனில் ஏழை நோயாளிகளின் வீடுகளுக்கே போய்க் கவனிக்கும் வேலையில் சேர்ந்தார். பெரிய மருத்துவமனையை நடத்தியவர் சந்து சந்தாக, மாடிப்படி ஏறி இறங்கினார். பிறகு தென் லண்டன் பகுதியில் அந்தச் சேவைக்கே கண்காணிப்பாளர் ஆனார்.

கடைசியில் சர்க்கரை நோய் வந்தது. ஹாரகேட் என்ற ஊரில் சகோதரி வீட்டில் 1891 டிசம்பர் 22 அன்று இறந்தார். வயது 55. அந்த நோய்க்கு மருந்தான இன்சுலினைக் கண்டுபிடித்தது அதற்கு முப்பது வருஷம் கழித்து, 1921-ல்தான்.