கதை சொல்லிக் கல்வி வளர்த்த கிஜுபாய்

கதை சொல்வது பாட்டிமார் பணி, பாடம் சொல்வதே ஆசிரியர் பணி என்று நம் நாட்டில் நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இவ்விரு பணிகளும் ஒன்றாக இயலும் என்பதைத் தம் வாழ்க்கையால் மெய்ப்பித்துக் காட்டியவர் குஜராத் மாநிலம் தந்த கல்வியாளர் கிஜுபாய் பதேகா ஆவார். மீசை வைத்த தாய் என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். அப்பெயர் ஒன்றே அவரது வாழ்வைச் சுருங்கச் சொல்லிவிடும்.

கிரிஜாசங்கர் என்னும் இயற்பெயருடைய இவர் 1885ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள சித்தல் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1907இல் பொருளீட்டும் பொருட்டுக் கிழக்காப்பிரிக்கா சென்றார். தாயகம் திரும்பியபின் பம்பாயில் சட்டம் பயின்று வழக்கறிஞர் ஆனார். தொழில் நன்கு நடந்தது. அவ்வாறே தொடர்ந்திருப்பாராயின் செல்வமும் செல்வாக்கும் அவரைத் தேடி வந்திருக்கும்.

1913இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அம்மகனை எவ்வாறு வளர்ப்பது என்னும் கவலை தந்தையின் வாழ்க்கைப் போக்கையே மாற்றிவிட்டது. அக்காலப் பள்ளிகளில் பிரம்படியும் மனப்பாடமுமே கல்வியாக விளங்கின. அத்தகைய பள்ளிக்குத் தம் மகனை அனுப்ப அவர் உள்ளம் ஒப்பவில்லை. வசோ என்னும் ஊரில் கல்விப் பணியாற்றி வந்த மோதிபாய் அமீனின் தொடர்பு அவருக்குக் கிட்டியது. இத்தாலி நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரியின் கல்விமுறை பற்றிய நூல்களையும் அவர் ஆழ்ந்து கற்றார். தம் மகனுக்கென்று தேடத் தொடங்கியவர் நாட்டுக் குழந்தைகள் அனைவருக்குமாகத் தேடலானார்.

பவநகரில் நானாபாய் பட் 1910இல் நிறுவிய தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் 1916இல் கிஜுபாய் சேர்ந்தார். அங்கு வளர்ந்த மாணவர்க்குக் கற்பித்த பட்டறிவு அவருக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. பள்ளியின் அச்சம் உள்ளத்தில் ஊறிய பின்னர் அதனைக் களைவது அரிது. ஆதலால் கல்விச் சீர்திருத்தம் மழலைப் பருவத்திலேயே தொடங்குதல் வேண்டும் என்று தெளிந்தார். அத்தெளிவின் பயனாக 1920இல் பவநகரில் பால மந்திர் என்னும் குழந்தைப் பள்ளி மலர்ந்தது. 1923இல் தாராபாய் மோடக் அம்மையார் அப்பணியில் வந்து இணைந்தார். 1926இல் இருவரும் முன்னின்று நூதன பால சிக்ஷண சங்கம் என்னும் அமைப்பை உருவாக்கினர்.

மாண்டிசோரி முறையை ஏற்ற கிஜுபாய் அதனை அவ்வாறே பெயர்த்து நடவில்லை. அம்முறையில் புலன்களைப் பயிற்றும் கருவிகளுக்கே முதலிடம் உண்டு; கற்பனைக் கதைகளுக்கு அத்துணை இடமில்லை. கிஜுபாயோ சௌராஷ்டிர மண்ணில் வாய்மொழியாக வழங்கிய கதைகளைத் தேடித் திரட்டி வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். அக்கதைகளே இந்தியக் குழந்தைக்குக் கைக்கெட்டிய கல்விக்கருவி என்பது அவர்தம் துணிபு.

கதை சொல்லும் கலைக்கு இலக்கணம் வகுப்பதுபோல் வார்த்தானு சாஸ்திரம் என்னும் நூலையும் அவர் இயற்றினார். எந்தக் கதையைத் தேர்வது, எந்த வயதுக்கு எதனைச் சொல்வது, எம்முறையில் சொல்வது என்பன அந்நூலில் விரித்துரைக்கப்படுகின்றன. கதையின் முதற்பயன் இன்பமே என்பது அதன் உயிர்நாடியான கருத்து. கதை முடிந்தவுடன் நீதியை எடுத்து ஓதும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. நீதி கதையினுள் இருக்குமாயின் அது தானே குழந்தையின் உள்ளத்தில் இறங்கும். வெளியே எடுத்து நீட்டினால் கதையும் கெடும், நீதியும் தங்காது என்று அவர் எண்ணினார். நீதி புகட்டவே கதை என்று பெரும்பாலோர் நம்பிய காலத்தில் இஃது எளிய கருத்தன்று.

அவர் வழங்கிய கதைகளை நோக்கின் இவ்வுண்மை புலனாகும். ஏழு வாலுடைய எலிக்குஞ்சு பள்ளியில் ஏளனத்துக்கு ஆளாகிறது. நாளுக்கொரு வாலாக நறுக்கிக்கொள்கிறது. முடிவில் வாலே இல்லாமற் போக, அதற்கும் ஏளனமே கிட்டுகிறது. மற்றொரு கதையில் அரசனின் சினத்துக்கு ஆளான காகம் சேற்றிலும் கிணற்றிலும் முட்புதரிலும் எறியப்படுகிறது; எங்கு வீழ்ந்தாலும் அது மகிழ்ந்தே பாடுகிறது. முன்னதில் நிகழ்ச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்றாய்ப் பிறந்து முடிவை நோக்கி நகர்கின்றன. பின்னதில் களம் மாறிக்கொண்டே இருக்க, கதைமாந்தரின் இயல்பு மட்டும் மாறாதிருக்கிறது. கதைமாந்தர், கதைக்களம், கதைப்பின்னல் என்னும் சொற்களை அறியாத நான்கு வயதுக் குழந்தையும் அம்மூன்றையும் இக்கதைகளில் உணர்ந்துகொள்கிறது. அடுத்து என்ன நேரும் என்று முந்திச் சொல்லும் குழந்தை கதையின் கட்டமைப்பை அறிந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

1930களின் தொடக்கத்தில் வெளிவந்த திவாஸ்வப்னம் கிஜுபாயின் புகழ்பெற்ற படைப்பாகும். இலட்சுமிராம் என்னும் கற்பனை ஆசிரியர் நான்காம் வகுப்பொன்றை ஏற்று ஓராண்டு நடத்தும் சோதனையே அந்நூல். அவர் முதலில் கையாளும் கருவி கதை. அடங்காத வகுப்பு கதை கேட்டு அடங்குகிறது. பாடநூல் வாங்கும் பணத்தைத் திரட்டிக் கதை நூல்கள் வாங்கி வகுப்பு நூலகம் அமைக்கிறார். கேட்ட கதைகளை மாணவர் நடிக்கின்றனர். ஒப்பனைக்கும் நெட்டுருச் செய்த வசனத்துக்கும் அங்கு வேலையில்லை. பேச்சைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டுமாயின் மாந்தரின் இயல்பை அறிதல் வேண்டும். எங்கிருந்து வந்து எங்கு நிற்பது என்பதற்குக் களத்தை அறிதல் வேண்டும். எப்போது வருவது என்பதற்கு நிகழ்ச்சி முறையை அறிதல் வேண்டும். வினாவிடையால் பெற முயலும் அறிவனைத்தும் விளையாட்டாகவே கைவரப்பெறுவதை அந்நூல் காட்டுகிறது. உடனாசிரியர்களின் எள்ளலையும் மேலதிகாரியின் ஐயத்தையும் அது மறைக்கவில்லை.

குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்குமாக நூற்றுக்கு மேற்பட்ட சிறு நூல்களை எழுதிய கிஜுபாய்க்கு, குஜராத்தி இலக்கியத்தின் பெருஞ்சிறப்பாகிய ரஞ்சித்ராம் தங்கப் பதக்கம் 1929ஆம் ஆண்டுக்கு வழங்கப்பெற்றது. 1936இல் தட்சிணாமூர்த்தியினின்று விலகிய பின்னரும் ஆசிரியப் பயிற்சிப் பணியை அவர் கைவிடவில்லை. இடையறாத உழைப்பு உடலை வாட்டியது. 1939ஆம் ஆண்டு ஜூன்த் திங்கள் 23ஆம் நாள், தம் 53ஆம் வயதில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். அவர் நெறியை இந்திய மண்ணுக்கு இயைய வளர்த்தவர் அவ்வருகையைக் காண ஐந்து திங்கள் இல்லாமற் போனது காலத்தின் கொடுமையே.

பகல் கனவு என்னும் பெயரில் திவாஸ்வப்னம் தமிழிலும் வெளிவந்துள்ளது. கதையை முடித்ததும் இதனால் அறியப்படும் நீதி யாது என்று வினவும் வழக்கம் நம் வகுப்பறைகளினின்று இன்னும் முற்றும் நீங்கவில்லை. அவ்வினாவைச் சற்றே தள்ளிவைத்து, இன்னொரு கதை சொல்லட்டுமா என்று கேட்கும் ஆசிரியர் எவரோ, அவரே கிஜுபாயின் வழித்தோன்றல் ஆவார்.